மாடியில்லாத ஊரின் படிகள்

கீழச்சுனையில் எந்த வீட்டுக்கும் மாடி கிடையாது. ஊர் நடுவில் இருக்கிற காளி கோயிலின் ஓட்டுக்கூரைக்கு மேலே ஒரு செங்கல்கூட ஏறக்கூடாது என்பது அந்த ஊர்க் கட்டுப்பாடு, காளியோ உட்கார்ந்த கோலத்தில் ஓர் ஆளின் நெஞ்சுயரம்கூட இல்லாதவள், கூரை போட வந்த கொத்தன் அவள் உயரத்தைப் பார்த்து அதற்கேற்ப போட்டுவிட்டுப் போய்விட்டான், அதனால் நிலபுலன் உள்ளவனும் குனிந்துதான் தன் வீட்டுக்குள் போனான், இல்லாதவனும் குனிந்துதான் போனான், வெள்ளைக்காரன் வந்து கட்டிய மாஜிஸ்திரேட் கோர்ட்டுகூட, ஊர்ப் பெரியவர்கள் ஒன்றுகூடிக் கேட்டுக்கொண்டதன் பேரில், தலை இடிக்கிற வாசலோடு ஒற்றைத் தளமாகவே நின்றது. அப்படிப்பட்ட ஊரில்தான் பெண்கள் மாடிப்படியிலிருந்து விழுந்துகொண்டே இருந்தார்கள்.

பழியை வக்கீல் குமாஸ்தா வைகுண்டத்தின் தலையில் போட்டுவிட்டு நாம் சும்மா இருந்துவிடலாம், ஊரில் பலர் அப்படித்தான் செய்தார்கள். வைகுண்டம் இளவட்டமாக இருந்த காலத்தில் மதராஸில் ஒரு பெரிய வக்கீலிடம் கேஸ் கட்டுத் தூக்கிக்கொண்டிருந்தான். அங்கே ஒருநாள், நெற்றியில் கட்டுப்போட்ட ஒரு பெரிய இடத்துப் பெண் வெள்ளைக்கார ஜட்ஜுக்கு முன்னால் நின்று, மாடிப்படியில் கால் தவறி விழுந்துவிட்டேன் என்று ஒரே ஒரு வாக்கியம் சொன்னாள். ஜட்ஜ் கண்ணாடியைக் கழற்றி, ஐயோ பாவம் என்று தலையாட்டி, மதியச் சாப்பாட்டுக்கு முன்னாலேயே கேஸை முடித்துவிட்டார். இத்தனை சாட்சி, இத்தனை விசாரணை எல்லாவற்றையும் ஒரே வாக்கியம் சாப்பிட்டுவிடுமா என்று வைகுண்டம் அசந்துபோய், ஊருக்குத் திரும்பும்போது தகரப்பெட்டியோடு அந்த வாக்கியத்தையும் கொண்டுவந்தான். மதராஸில் செல்லுபடியானது கீழச்சுனையில் செல்லாமல் போகுமா என்பதுதான் அவன் எண்ணம், வாக்கியத்துக்குள் ஒரு மாடி இருப்பதை அவன் கவனிக்கவே இல்லை.

அந்த வாக்கியத்தை அந்த ஊரில் முதன்முதலாகச் சொன்னவள் செண்பகம். அப்போது அவளுக்குக் கல்யாணமாகி அதிக நாள் ஆகவில்லை, பொரியும் கடலையும் வறுத்து விற்கிற வீட்டுக்கு வாக்கப்பட்டிருந்தாள். மணல் சூடு தாங்காமல் ஒரு சட்டி கடலையைக் கருக்கிவிட்டாள் என்று புருஷன் சங்கரபாண்டி உலக்கையை எடுத்து அவள் இடுப்பில் போட்டான். அவள் அண்ணன்காரன் ரோஷத்தில் பிராது கொடுத்துவிட்டான், கொடுத்த பிறகு பயந்துவிட்டான். சங்கரபாண்டிக்காக வைகுண்டம் வந்து, கோர்ட்டு வேப்பமரத்தடியில் அவளை உட்காரவைத்து வாக்கியத்தைச் சொல்லிக்கொடுத்தான்.

"மாடிப்படின்னா என்னண்ணே?" என்றாள் செண்பகம்.

"கோயில் குளத்துல படி இருக்கில்லா, அதே மாதிரி வீட்டுக்குள்ள இருக்கும்."

"வீட்டுக்குள்ள எதுக்குண்ணே குளம்?"

"ஏட்டி, ஒனக்கு எதுக்கு அதெல்லாம்? சொல்லுததச் சொல்லிட்டு வீட்டுக்குப் போயி சோத்தப் பொங்கு."

அவள் உள்ளே போனாள், நிற்க முடியாமல் கூண்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, மாடிப்படியில் கால் தவறி விழுந்துவிட்டேன் என்று சொன்னாள். அப்போதிருந்த மாஜிஸ்திரேட் அன்று காலையில்தான் தன் வாடகை வீட்டு வாசலில் நெற்றியை இடித்துக்கொண்டு வந்திருந்தார், வீக்கம்கூட வடியவில்லை, இருந்தாலும் தலையைத் தூக்காமல் அந்த வாக்கியத்தை அப்படியே எழுதிக்கொண்டு, புருஷன் பெண்டாட்டி சமாதானமாகப் போகவேண்டியது என்று அனுப்பிவைத்தார். செண்பகம் வெளியே வந்தபோது, கோர்ட்டின் வாசல் பக்கச் சுவரை ஒட்டி, காலையில் வெறும் மண்ணாக இருந்த இடத்தில், நன்றாகக் கொத்திய கருங்கல் படி ஒன்று இருந்தது. கோர்ட்டில் பெயர் கூப்பிடுகிற வேலைக்குப் புதிதாகச் சேர்ந்திருந்த டவாலி மிக்கேல், சர்க்கார் போட்ட படி போலிருக்கிறது என்று நினைத்துத் தன் பித்தளைக் கூஜாவை அதன்மேல் வைத்தான். வைத்த அந்த நொடியில் செண்பகத்தின் இடுப்பில், உலக்கை விழுந்த இடத்தில், சில்லென்று ஒரு பாரம் ஏறியது. அவள் புருஷனுக்குப் பின்னால் நடந்து வீட்டுக்குப் போனாள்.

வைகுண்டத்தின் வாக்கியம் பிடித்துக்கொண்டது. கை முறிந்தவளும் அதையே சொன்னாள், காது கேட்காமல் போனவளும் அதையே சொன்னாள், நெருப்புக் கொள்ளியால் சூடு வாங்கியவளும் மாடிப்படியில் விழுந்ததாகவே சொன்னாள், ஒவ்வொருத்தி சொல்லும்போதும் சுவருக்கு வெளியே முந்திய படிக்கு மேலே இன்னொரு படி வந்து உட்கார்ந்தது. தாங்குகிற சுவர் இல்லை, தூண் இல்லை, படிகள் ஒன்றின்மேல் ஒன்றாகச் சாய்ந்து ஏறி, கோர்ட்டுக் கூரையைத் தாண்டி, காளி கோயில் கூரையைத் தாண்டி, எந்த மாடிக்கும் போய்ச் சேராமல் ஆகாயத்தில் முடிந்தன. மாஜிஸ்திரேட்டுகள் மாறிக்கொண்டே இருந்தார்கள். ஒருவர் இருவரையும் கோர்ட்டிலேயே வெற்றிலை மாற்றிக்கொள்ளச் சொல்லி அனுப்புவார். இன்னொருவர், அவனுக்குக் கோபம் வருகிற மாதிரி நீ என்ன செய்தாய் என்று மட்டும் விலாவாரியாகக் கேட்பார். அபராதம் போட்டவரும் ஒருவர் இருந்தார், அடிபட்டவளே தன் காதுத் தோட்டைக் கழற்றி அடகுவைத்து அதைக் கட்டினாள், பிறகு அதற்காகவும் அடிபட்டாள். எல்லோரும் படித்தவர்கள், நல்ல குடும்பத்துப் பிள்ளைகள், ஊர் வாசல்களில் முறை தவறாமல் தலையை இடித்துக்கொண்டவர்கள். ஒருவராவது, எந்த வீட்டு மாடி அம்மா என்று கேட்டதில்லை.

ஊர் அந்தப் படிகளுக்குச் சீக்கிரமே பழகிவிட்டது, ஊர் எதற்குத்தான் பழகாது. கோயில் கூரையைப் படி தாண்டிய வாரம் மட்டும் கொஞ்சம் கலவரமாக இருந்தது, சாமியாடியைக் கூப்பிட்டுக் குறி கேட்டார்கள், காளி அவர்மேல் இறங்கி, அது எவனும் கட்டினதில்லை, அதனால் கட்டுப்பாட்டில் சேராது என்று சொல்லிவிட்டுக் கொஞ்ச நேரம் அழுதாள், ஏன் அழுதாள் என்று யாரும் கேட்கவில்லை. மராமத்து இலாகா ஓவர்சியர் வந்து தட்டிப் பார்த்து, அஸ்திவாரம் இல்லை, ஆனால் உறுதி உண்டு என்று மேலே எழுதிப் போட்டார். கீழ்ப்படிகளில் வியாபாரிகள் வத்தல் காயப்போட்டார்கள், நடுப்படிகளில் கட்சிக்காரர்கள் வாய்தாவுக்குக் காத்திருந்து தூங்கினார்கள், மேல்படிகளில் இளவட்டங்கள் பட்டம் விட்டார்கள். பக்கத்து ஊர்க்காரர்கள் கல்யாணத்துக்கு வந்தால் படியைப் பார்க்காமல் திரும்புவதில்லை. ஜில்லா கலெக்டர் பாதிவரை ஏறி நின்று ஆற்றைப் பார்த்து, காட்சி பிரமாதம் என்று சொல்லிவிட்டு இறங்கினார். எங்கள் ஊரிலும் ஒரு மாடிப்படி இருக்கிறது என்று ஆண்கள் பெருமையடித்துக்கொண்டார்கள்.

பெண்கள் மட்டும் அதில் ஏறவில்லை. கோர்ட்டுக்கு வந்தால் படிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார்கள். ஒவ்வொருத்திக்கும் தன் படி எதுவென்று தெரியும், மற்றவள் படியும் ஓரளவு தெரியும், ஆனால் வாய்விட்டுப் பேசிக்கொள்ளவில்லை. சந்தையில் கத்திரிக்காய் பொறுக்கிக்கொண்டிருக்கிறவள் திடீரென்று தோளைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடுவாள், அங்கே கோர்ட்டில் யாரோ அவள் படியில் கால் வைத்திருப்பார்கள். செண்பகத்துக்கு இது எல்லோரையும்விட மோசம். மேலே போகிறவன் யாராக இருந்தாலும் முதலில் அவள்மேல்தான் கால் வைத்தாகவேண்டும், கலெக்டர் வந்த நாளில் அவள் பகல் முழுக்கப் பாயைவிட்டு எழுந்திருக்கவில்லை. கோர்ட்டு விடுமுறை நாட்களில் வேறொன்று நடந்தது. ஆளரவமில்லாத அந்த மத்தியானங்களில், மேலேயிருந்து கீழேவரை யாரோ உருண்டு விழுகிற சத்தம் படிகளில் கேட்கும், வளையல் நொறுங்கும், மூச்சு அடைபடும், பிறகு எல்லாம் அடங்கிவிடும். காவலுக்கு இருந்த மிக்கேல் ஆரம்பத்தில் ஓடிப்போய்ப் பார்த்தான், பிறகு சிலுவை போட்டுக்கொள்வதோடு நிறுத்திக்கொண்டான்.

ஒரு படி மட்டும் எப்போதும் ஈரமாக இருந்தது. அது மரகதத்தின் படி. மரகதம் செண்பகத்துக்கு அடுத்த வீட்டுக்காரி, வடக்கே எங்கிருந்தோ கட்டிக்கொண்டுவந்தவள், ஏன் என்று கேட்க அவளுக்கு நாதியில்லை. ஒருதரம் கோர்ட்டுக்குப் போய் வாக்கியத்தைச் சொல்லிவிட்டு வந்தாள். அடுத்த வருஷம், தண்ணீர்க் குடத்தோடு வாசலுக்குள் குனிந்தவளைப் புருஷன் உதைத்தான், குடம் உடைந்தது, அவள் எழுந்திருக்கவில்லை. பரிசோதித்த டாக்டர், காய்ச்சலில் அவளுக்கு மண்ணீரல் வீங்கியிருந்தது, வீங்காதவளாக இருந்தால் இந்த உதைக்குச் செத்திருக்க மாட்டாள் என்று எழுதிக்கொடுத்தார், அதனால் அது கொலை ஆகவில்லை, லேசான காயம் என்று முடிந்தது, குற்றம் மரகதத்தின் மண்ணீரலோடு எரிந்துபோனது. அன்றைக்கு நனைந்த அவள் படி பிறகு எந்தக் கோடையிலும் காயவில்லை. அதில் வத்தல் போட்டவர்கள் பூஞ்சை பிடித்ததைப் பார்த்துவிட்டு, அந்தப் படியை விட்டுவிட்டு மற்றவற்றில் போட்டார்கள்.

அந்தச் சாவுக்குப் போலீஸ்காரர் வந்து செண்பகத்தை விசாரித்திருந்தார், இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். "நான் கடல வறுத்துக்கிட்டிருந்தேன் சாமி. மணல் சத்தத்துல ஒண்ணும் கேக்கல" என்று செண்பகம் சொன்னாள். மணல் சத்தம் என்னவோ உண்மைதான். சுவருக்கு அந்தப் பக்கம் அலறல் எழும்போதெல்லாம் அவள் இரும்புக் கரண்டியை வேகமாகப் போட்டு மணலைக் கிளறுவாள், கடலை வறுபட்ட பிறகும் கிளறுவாள், வெறும் மணலைக்கூடக் கிளறுவாள்.

சங்கரபாண்டி ஒரு காய்ச்சலில் போய்ச்சேர்ந்தான். மகன் ஆண்டியப்பன் வளர்ந்தான். செண்பகத்துக்கு அவன் ஒருத்தன்தான், அவனுக்காகத்தான் அவள் அந்த இடுப்போடு அத்தனை மூட்டைக் கடலையைச் சுமந்தாள், அவன் சாப்பிடும்போது எதிரில் உட்கார்ந்து பார்ப்பதைவிடப் பெரிய சுகம் அவளுக்கு எதுவும் இல்லை. அவனுக்குக் காந்திமதியைக் கட்டிவைத்தாள். தாய் தகப்பன் இல்லாத பெண், மாமன் வளர்த்தது, அதிர்ந்து பேசாது. ஆண்டியப்பன் அவளை அடிக்கத் தொடங்கியபோது செண்பகம் என்ன செய்தாள் என்று கேட்கிறீர்களா? மணலைக் கிளறினாள். அவன் கை ஓங்குகிற விதத்தில் அவன் அப்பனை அப்படியே கண்டாள், கண்டு பயந்து, இன்னும் வேகமாகக் கிளறினாள்.

காந்திமதி முழுகாமல் இருந்த ஐந்தாம் மாதத்தில் அது நடந்தது. வயிற்றில் உதைத்தான், தடுத்த கையை முறித்தான். பிள்ளை தங்கவில்லை. உடம்பு நடக்கிற அளவுக்குத் தேறியதும், அதிர்ந்து பேசாத அந்தப் பெண் முறிந்த கையைச் சேலைத் துண்டில் தொட்டில் கட்டிக்கொண்டு நேராகக் கோர்ட்டுக்கு நடந்துபோய்ப் பிராது கொடுத்துவிட்டாள். வைகுண்டம் இப்போது தலை நரைத்த பெரிய குமாஸ்தா, ஆண்டியப்பனுக்காக வந்தார், வேப்பமரத்தடியில் அவளை உட்காரவைத்து வாக்கியத்தைச் சொல்லிக்கொடுத்தார். அவள் கேட்டுக்கொண்டாள். உள்ளே போய், "என் வீட்டுக்காரரு உதைச்சாரு, பிள்ள செத்துப்போச்சு" என்றாள். அன்றைக்குப் படி எதுவும் முளைக்கவில்லை. கோர்ட்டு சற்றுத் திகைத்தது, அடுத்த வாய்தா போட்டது.

வைகுண்டம் அன்றைக்கே செண்பகத்தின் வீட்டுக்கு வந்தார்.

"பயப்படாத செம்பகம். நீ வந்து, மருமக மாடிப்படியில விழுந்தா, நான் கண்ணால பாத்தேன்னு சொல்லிப்புடு. மாமியாக்காரி சாட்சிக்கு மேல என்ன இருக்கு? கேஸு தள்ளுபடி. அவளப் புருஷன்கூடப் போகச்சொல்லி மாஜிஸ்திரேட்டே அனுப்பிருவாரு."

"இல்லன்னா?"

"இல்லன்னா ஒம் மவன் செயிலுக்குப் போவான். ஒனக்குக் கொள்ளி வைக்க இருக்கது அவன் ஒருத்தன், பாத்துக்க."

ஆண்டியப்பன் அம்மாவின் காலடியில் உட்கார்ந்து, "எனக்கு ஒன்ன விட்டா யாரும்மா இருக்கா" என்று அழுதான். நிஜமாகத்தான் அழுதான். செண்பகம் அவன் தலையைத் தடவிக்கொடுத்தாள், சொல்லிவிடுகிறேன் என்று வாக்கும் கொடுத்தாள். காந்திமதியின் மாமன் அவளை வீட்டில் சேர்க்கவில்லை, மிக்கேலின் பெண்டாட்டி போட்ட சோற்றைத் தின்றுகொண்டு அவர்கள் மாட்டுக்கொட்டிலில் அவள் படுத்திருந்தாள். கேஸ் போய்விட்டால் அவள் திரும்பிவர வேண்டிய இடம் இந்த வீடுதான், வந்தால் அடுத்த முறை அவன் கையோடு நிறுத்தமாட்டான் என்பதும் செண்பகத்துக்குத் தெரியும். ஒரு பக்கம் பெற்ற பிள்ளை, இன்னொரு பக்கம் எவள் வயிற்றிலோ பிறந்தவள். அப்படித்தான் அவள் தனக்குத்தானே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டாள்.

வாய்தா நாள் காலையில் செண்பகம் கோர்ட்டுக்கு வந்தபோது, காந்திமதி முதல்படிக்குப் பக்கத்தில் வெறுந்தரையில் உட்கார்ந்திருந்தாள். பார்க்காத மாதிரி போய்விடலாம் என்று இரண்டெட்டு வைத்தவளுக்குக் கால் வரவில்லை.

"சாப்ட்டியாட்டி?"

"சாப்ட்டேன் யத்த. நீங்க?"

"ஆச்சு. அங்கிட்டு நெழல் இருக்கு, படியில உக்காரலாம்லா? மண்ணுல உக்காந்திருக்க."

காந்திமதி குனிந்துகொண்டாள். "இது ஒங்க படியில்லா யத்த. இதுல எப்படி உக்கார?"

"யாரு சொன்னா ஒனக்கு?"

"யாரும் சொல்லல. கோர்ட்டு உள்ள நாள்ல காலையிலேயே இடுப்பப் புடிச்சிக்கிடுவீய. ஞாயித்துக்கெழம புடிக்க மாட்டீய. இங்க வந்து கெடந்ததுல தெரிஞ்சுபோச்சு, மிக்கேல் மாமா வந்ததும் மொதல்ல கூஜாவ இதுலதான் வைக்காவ." அவள் முறிந்த கையை மடியில் நகர்த்தி வைத்தாள். "மேல வைக்காதியன்னு அவங்ககிட்ட சொன்னேன். சிரிச்சாவ."

இத்தனை வருஷத்தில் எத்தனையோ பேர் அந்தப் படியில் உட்கார்ந்திருக்கிறார்கள், எச்சில் துப்பியிருக்கிறார்கள், செருப்பை உதறியிருக்கிறார்கள். அது வலிக்குமே என்று நினைத்து ஒருத்தி தரையில் உட்கார்ந்தது இன்றைக்குத்தான். அந்த ஒருத்தி, அலறும்போது செண்பகம் மணலைக் கிளறினாளே, அவள்தான். அதற்குள் மிக்கேல் கூஜாவைப் படியில் வைத்துவிட்டு, தொண்டையைச் செருமிக்கொண்டு வாசலுக்கு வந்து, வழக்கம்போல மூன்றுதரம் செண்பகத்தின் பெயரைக் கூப்பிட்டான்.

கூண்டில் ஏறிச் சத்தியம் செய்தாள். மாஜிஸ்திரேட் புதியவர், சின்ன வயது, நெற்றியில் பழைய வடு ஒன்றும் புதிய வடு ஒன்றும் இருந்தன. உன் மருமகளுக்கு எப்படிக் காயம் பட்டது என்று கேட்டார். கேட்டுவிட்டு, அவள் வாயைத் திறப்பதற்கு முன்பே எழுத ஆரம்பித்துவிட்டார். செண்பகத்துக்கு எழுத்துத் தெரியாது, ஆனால் அந்தப் பேனா எதை எழுதிக்கொண்டு போகிறது என்று தெரிந்தது, அவளுக்குப் பதிலாக அது பாட்டுக்கு விழுந்துகொண்டிருந்தது. மகனைப் பார்த்தாள். அவள் தடவிவிட்ட எண்ணெய் அவன் நெற்றியில் மினுங்கியது. நம்பிக்கையாக ஒரு சிரிப்புச் சிரித்தான், சின்ன வயதில் திருட்டுத்தனமாகக் கடலை தின்றுவிட்டுச் சிரிப்பானே, அதே சிரிப்பு.

"எங்க வீட்ல மாடி கெடையாது சாமி" என்றாள்.

பேனா நின்றது.

வைகுண்டம் எழுந்தார். "எஜமான், வயசாயிட்டுது, புத்தி கொஞ்சம்..."

"ஒங்க வீட்லயும் கெடையாது குமாஸ்தாவே. இந்த ஊர்லயே கெடையாது. ஐயாவும் வீட்டுக்குள்ள குனிஞ்சுதான் போறிய, நெத்தியப் பாத்தாலே தெரியுது." யாரும் சிரிக்கவில்லை. அவள் மாஜிஸ்திரேட்டைப் பார்த்தே சொன்னாள். "எம் மவன்தான் உதைச்சான். கையையும் அவன்தான் முறிச்சான். நான் பக்கத்துலதான் இருந்தேன். காதுல விழக்கூடாதுன்னு மணலக் கிளறிக்கிட்டே இருந்தேன். எனக்கு எல்லாம் கேட்டுது சாமி. அன்னைக்கு என் இடுப்புல விழுந்ததும் ஒலக்கதான், படி இல்ல."

"அம்மா!" என்று ஆண்டியப்பன் கத்தினான். அதே நேரத்தில் வெளியே கணீரென்று பித்தளை தரையில் மோதி உருண்டோடுகிற சத்தம் கேட்டது. மிக்கேல் ஓடிப்போய்ப் பார்த்தான். கூஜா மண்ணில் கிடந்தது, அதற்குக் கீழே இருந்த படியைக் காணோம். செண்பகம் கூண்டுக் கம்பியிலிருந்து கையை எடுத்துவிட்டு நேராக நின்றாள், இடுப்பில் பாரம் இல்லை.

மாஜிஸ்திரேட் பழைய தாளைக் கிழித்துப் போட்டுவிட்டுப் புதுத் தாளில் எழுதினார். புருஷனுக்குக் கண்டிக்கிற உரிமை உண்டு என்றாலும் இவன் எல்லை மீறிவிட்டான் என்று தீர்ப்புச் சொல்லி, ஆண்டியப்பனைச் சில மாதம் ஜெயிலுக்கு அனுப்பினார். அவ்வளவுதானா என்று நீங்கள் கேட்கலாம், செத்த பிள்ளையைப் பற்றித் தீர்ப்பில் ஒரு வரிகூட இல்லைதான். ஆனாலும் காந்திமதியை அவனோடு போ என்று அந்தக் கோர்ட்டு சொல்லவில்லை, அதுவே அந்த ஊருக்குப் புதிது. ஜெயிலிலிருந்து வந்தவன் ஊருக்குள் தலைகாட்டாமல் கொழும்புக்குக் கப்பல் ஏறிவிட்டான் என்று கேள்வி. செண்பகம் அவனை நினைத்து அழுதாள், அவனுக்குப் பிடித்த கருவாட்டுக் குழம்பை வைத்துவிட்டுத் தொடமாட்டாமல் எழுந்தாள், அவன் வேண்டாம் என்று ஒருநாளும் அவளுக்குத் தோன்றவில்லை. அந்த வீட்டுக்கே வந்து தங்கிவிட்டு, எதிரில் உட்கார்ந்து இடதுகையால் கடலை புடைக்கிற காந்திமதிக்கு அது தெரியும், அதைப் பற்றி அவள் ஒன்றும் கேட்டதில்லை.

முதல்படி போனதால் ஊருக்குச் சின்னச் சங்கடம், பட்டம் விடுகிறவர்கள் ஒரு மரப்பெட்டியைப் போட்டு அதன்மேல் ஏறினார்கள். பிறகு பெண்கள் வரத் தொடங்கினார்கள். முதலில் ஒருத்தி, முக்காட்டோடு, கூடையை வாசலில் வைத்துவிட்டு உள்ளே போய், "எனக்குக் கேஸு ஒண்ணும் இல்ல, ஒரு வார்த்த சொல்லணும்" என்றாள். முடிந்த வழக்கில் மறுபடி சாட்சி சொல்லச் சட்டத்தில் இடமில்லை என்றார் மாஜிஸ்திரேட். அவள் இடம் கேட்டுக்கொண்டு நிற்கவில்லை, சொல்லவந்ததைச் சொல்லிவிட்டுக் கூடையைத் தூக்கிக்கொண்டு சந்தைக்குப் போனாள், நடுவில் ஒரு படி இல்லாமல் போனது. அடுத்த கோர்ட்டு நாளில் இன்னும் சிலர், அதற்கடுத்த நாளில் வரிசை. மிக்கேல் பெயரைக் கூப்பிட்டான், அவர்கள் உள்ளே போனார்கள், வந்தார்கள். சில வீடுகளில் அன்று அடுப்பு எரியவில்லை, சில வீடுகளில் ஆண்கள் பெண்டாட்டியின் முகத்தைப் பார்க்காமல் சாப்பிட்டார்கள். படிகள் பல்லுப்போன வாயாகி, பிறகு அதுவும் இல்லாமலாகின. மறுபடி வந்த கலெக்டர் ஏமாந்து திரும்பினார். ஓவர்சியர் பழுது என்று எழுதிப்போட்டார்.

செத்துப்போனவர்களின் படிகள் மட்டும் அந்தரத்தில் தங்கின. அவற்றுக்காக மகள் வந்தாள், தங்கச்சி வந்தாள், ஒருத்திக்கு அவள் சக்களத்தியே வந்தாள். அம்மா விழவில்லை, அக்கா விழவில்லை என்று சொல்லச்சொல்ல அவையும் போயின. கடைசியில் ஒன்றே ஒன்று மிஞ்சியது, ஆள் உயரத்துக்கும் மேலே, பிடிப்பு எதுவுமின்றி, கோர்ட்டு வாசலுக்கு நேராக. நல்ல வெயிலிலும் அதிலிருந்து தண்ணீர் சொட்டியது. வக்கீல்கள் குடைபிடித்துக்கொண்டு உள்ளே போனார்கள், கட்சிக்காரர்கள் சுற்றிக்கொண்டு போனார்கள். நாளாக நாளாக ஊர் அதற்கும் பழகியது, யாரோ சொட்டுகிற இடத்தில் ஒரு தொட்டி வைத்தார்கள், ஆடுகள் வந்து குடித்தன.

ஒரு கோர்ட்டு நாள் காலையில் செண்பகம் அடுப்பை அணைத்தாள், சூடு ஆறாத மணலைப் பின்வாசலில் கொட்டினாள், முகம் கழுவிக்கொண்டு கிளம்பினாள். கூட வருகிறேன் என்று காந்திமதி எழுந்தாள். "வேண்டாம்ட்டி. இது அந்தச் சொவத்துக்கும் எனக்கும் உள்ளது" என்றாள் செண்பகம்.

மிக்கேல் அடுத்த மாதம் ஓய்வுபெறப்போகிறவன், இப்போதெல்லாம் கூஜாவைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தான். அவளைப் பார்த்ததும் எழுந்துவிட்டான்.

"இன்னைக்கு யாரு பேர யக்கா?"

"மரகதம்னு கூப்பிடு."

அவன் மேலே பார்த்தான், பிறகு அவளைப் பார்த்தான். "செத்தவ பேரக் கூப்பிடலாமா யக்கா? கூப்பிட்டா யாரு வருவா?"

"கூப்பிடுதது ஒன் வேல. கூப்பிடு."

அவள் தொட்டியை நகர்த்திவிட்டு அந்த இடத்தில் போய் நின்றாள். தண்ணீர் உச்சந்தலையில் விழுந்து, நெற்றியில் இறங்கி, கழுத்துக்குள் ஓடியது, சித்திரை வெயிலில் அது கிணற்றடித் தண்ணீராகக் குளிர்ந்தது. மிக்கேல் டவாலியைச் சரிசெய்துகொண்டு வாசலில் நின்று, "மரகதம்!" என்று கூப்பிட்டான். மரத்தடியில் பேசிக்கொண்டிருந்தவர்கள் பேச்சை நிறுத்தினார்கள். கொஞ்சம் பொறுத்து இரண்டாம் தடவை கூப்பிட்டான், குரல் உடைந்தது. எங்கேயோ ஒரு குடம் உடைகிற சத்தம் கேட்டது, இந்தத் தடவை செண்பகம் அதை முழுசாகக் கேட்டாள். மூன்றாம் தடவை கூப்பிட அவன் மூச்சு எடுக்கவேண்டியிருந்தது.

"மரகதம்!"

"ஆஜர்" என்றாள் செண்பகம். நனைந்த தலையோடு வாசலில் குனிந்து உள்ளே போனாள்.